6061-டி651, 7075, வார்ப்புப் பிளேட்: மெஷினிங் பாகங்களுக்கு எந்த அலுமினியம் தேறுகிறது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். (நான்கு இலக்க எண் அலுமினியக் கலவையின் ரகம்; 'டி'யில் தொடங்குவது டெம்பர், அதாவது சூடேற்றியும் நீட்டியும் அதற்குக் கொடுத்த பதம்.) வேறு ரகம் வாங்க உறுதியான காரணம் கையில் இல்லாதவரை, மில்லிங் பாகங்களுக்கு 6061-டி651 பிளேட், லேத் பாகங்களுக்கு 6061-டி6511 பார். இதைவிட விலை கூடிய ரகம் வேண்டுமென்றால் எந்தக் குணத்துக்காகக் கூடுதல் பணம் போகிறது என்று ஒரு வரியில் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாதவர்கள்தான் 7075 வாங்கிவிட்டு, "இதுவும் வளைகிறதே" என்று திகைக்கிறார்கள்.

6082 எளிதாகக் கிடைக்கும் சந்தைகளில் 6061-க்குப் பதில் அதையே எடுக்கலாம். வலுவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 6082-இல் மாங்கனீசு கூடுதல். வெட்டும் விதத்திலோ பூச்சிலோ அன்றாட வேலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. கீழே 6061 பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

வலு ஒன்று, விறைப்பு இன்னொன்று

6061-டி6-இன் வழக்கமான ஈல்டு வலு (உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லை) சுமார் 276 மெகாபாஸ்கல், 7075-டி6-க்குச் சுமார் 503. ஏறக்குறைய இரட்டிப்பு. இந்த எண்ணைப் பார்த்து மயங்குவதற்கு முன் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். விறைப்பைக் காட்டும் யங் குணகம் 6061-க்கு 69 கிகாபாஸ்கல், 7075-க்கு 72. நடைமுறையில் இரண்டும் ஒன்றே. நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை, பாரம் ஏற்றியதும் 0.3 மி.மீ. தொங்குகிறது என்றால், அதே கையை 7075-இல் செய்தாலும் தொங்கலில் சொல்லத்தக்க மாற்றம் இருக்காது. நிரந்தரமாக வளைந்துபோகும் எல்லைதான் தள்ளிப்போகும். தொங்கல் குறைய வேண்டுமானால் குறுக்குவெட்டை மாற்ற வேண்டும். வளைவு விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. தடிமனை 10 மி.மீ.யிலிருந்து 12.6 மி.மீ. ஆக்கினாலே விறைப்பு இரட்டிப்பாகிவிடும். 7075-க்குக் கொடுக்கும் கூடுதல் விலையை விட அந்த 2.6 மி.மீ. மலிவு.

எஃகிலிருந்து அலுமினியத்துக்கு மாறுபவர்களுக்கும் இதே கணக்கு உதவும். எஃகின் குணகம் அலுமினியத்தைப் போல் மூன்று மடங்கு. அதனால் 10 மி.மீ. எஃகுத் தகட்டின் வளைவு விறைப்பு வேண்டுமானால் அலுமினியத்தில் சுமார் 14.4 மி.மீ. தேவைப்படும். அப்போதும் எடை பாதிதான். அளவை மாற்றாமல் உலோகத்தை மட்டும் மாற்றிய வரைபடம் எடையில் மூன்றில் ஒரு பங்காக இறங்கும், தொங்கலில் மும்மடங்காக ஏறும்.

7075 எங்கே தேறுகிறது? அச்சு ஊசிகள், பாரம் தாங்கும் சிறிய இணைப்புகள், மரைகள் அடிக்கடி கழற்றி மாட்டப்படும் பிடிமானங்கள், இடமில்லாததால் தடிமனைக் கூட்டவே முடியாத பாகங்கள். கடினத்தன்மை பிரினெல் அளவில் 150 (6061-க்கு 95), அதனால் விளிம்புகள் எளிதில் நசுங்காது, வெட்டும்போது சீவலும் அழகாக உடையும். லேத்காரர்கள் இதை விரும்புவதற்குப் பாதிக் காரணம் அந்தச் சீவல்தான். எதிர்ப்பக்கத்தில் மூன்று குறைகள். வழக்கமான ஆர்க் வெல்டிங் செய்யவே கூடாது, விரிசல் விடும். துருத் தாங்கும் திறன் 6061-ஐ விடக் குறைவு. டி6 நிலையில், தொடர்ந்து இழுவிசையும் ஈரமும் சேர்ந்தால் தகைவு அரிப்பு விரிசல் வரலாம், குறிப்பாகப் பிளேட்டின் தடிமன் திசையில் இழுபடும் பாகங்களில். அந்த அபாயம் இருந்தால் 7075-டி7351 கேளுங்கள். வலுவில் பத்து முதல் பதினைந்து சதம் விட்டுக்கொடுத்து விரிசல் எதிர்ப்பை வாங்கும் டெம்பர் அது. 75 மி.மீ.க்கு மேல் தடித்த பிளேட்டில் 7075-இன் நடுப்பகுதி, குவென்ச் செய்யும்போது (சூடான உலோகத்தைச் சட்டென்று குளிர்விக்கும்போது) போதிய வேகத்தில் குளிராததால், மேற்பரப்பின் வலுவுக்கு வராது. தடித்த கட்டையைக் குடைந்து செய்யும் பாகம் என்றால் 7050-டி7451 சரியான தேர்வு.

டி6-க்கும் டி651-க்கும் நடுவில்

ஆர்டரில் "6061-டி6 பிளேட்" என்று மட்டும் எழுதுவதுதான் இந்தப் பொருளில் நடக்கும் மிகச் செலவான சிக்கனம். அந்தக் கடைசி இரண்டு இலக்கங்கள் என்ன செய்கின்றன என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

6061-ஐ வலுவாக்க அதைச் சுமார் 530 டிகிரி செல்சியஸில் வைத்து, மெக்னீசியமும் சிலிக்கனும் உலோகத்துக்குள் கரைந்த பின் தண்ணீரில் குளிர வைக்கிறார்கள். பிறகு 160 டிகிரியில் சுமார் 18 மணி நேரம், அல்லது 175 டிகிரியில் சுமார் 8 மணி நேரம் சூட்டில் வைத்திருப்பது ஏஜிங். வலு ஏஜிங்கில் பிறக்கிறது, தொல்லை குவென்ச்சில் பிறக்கிறது. மேற்பரப்பு முதலில் குளிர்ந்து சுருங்குகிறது, நடுப்பகுதி பின்னால் வருகிறது. எல்லாம் முடிந்த நிலையில் மேற்பரப்பு அழுத்தத்திலும் நடுப்பகுதி இழுவையிலும் பூட்டப்பட்டிருக்கும். கட்டை முழுதாக இருக்கும்வரை இரண்டும் சமன். மேலிருந்து 8 மி.மீ. சீவியதும் சமநிலை போய், வைஸைத் தளர்த்திய கணத்தில் பாகம் வளைகிறது.

டி651 என்பது ஏஜிங்குக்கு முன் பிளேட்டை இரு முனையிலும் பிடித்து 1.5 முதல் 3 சதம் வரை நிரந்தரமாக இழுத்து நீட்டிய டெம்பர். அந்த நீட்டலில் உள் தகைவின் பெரும்பகுதி கரைந்துவிடும். எக்ஸ்ட்ரூஷன் பாரில் (அச்சுத் துளை வழியே தள்ளி உருவாக்கியது) இதற்கு இணையானவை டி6510, டி6511. பின்னதில் நீட்டிய பிறகு சிறிய அளவில் நேர்ப்படுத்தவும் அனுமதி உண்டு. ஃபோர்ஜிங்கை (அடித்து உருவாக்கிய துண்டை) இழுக்க முடியாது என்பதால் அழுத்தித் தகைவு போக்குவார்கள், அது டி652. வலுவில் டி6-க்கும் டி651-க்கும் கணிசமான வேறுபாடு கிடையாது. வேறுபாடு முழுக்கவும் பாகம் தட்டையாக நிற்குமா என்பதில்தான். மெல்லிய தகடு, கைப்பிடி, சின்ன ஸ்பேசர் போன்றவற்றுக்கு வெறும் டி6 போதும். கட்டையில் பாதிக்கு மேல் சீவல் ஆகப்போகிற எந்தப் பாகத்துக்கும் போதாது.

டி651 கூடத் தகைவை முற்றிலும் ஒழிப்பதில்லை. மெல்லிய அடிப்பாகமுள்ள பெட்டி வடிவங்களில் வேலை வரிசை முக்கியம். இரு பக்கமும் 0.5 முதல் 1 மி.மீ. விட்டு ரஃப் செய்யுங்கள். பிறகு வைஸிலிருந்து கழற்றி, வளைய வேண்டியது வளையட்டும் என்று விடுங்கள். வளைந்த நிலையிலேயே, அழுத்தி நேராக்காமல், அடியில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) கொடுத்து மென்மையாகப் பிடித்து ஒரு பக்கத்தை ஃபினிஷ் செய்து, அந்தப் பக்கத்தை ஆதாரமாக வைத்து மறுபக்கம். முழு இறுக்கத்தில் ஃபினிஷ் செய்த பாகம் மெஷினில் 0.01 மி.மீ. தட்டையாகக் காட்டும், மேசையில் வைத்தால் 0.15 மி.மீ. ஆடும். ஒரே பக்கத்திலிருந்து மட்டும் உலோகம் எடுக்கும் வடிவமைப்பை எந்த டெம்பரும் முழுதாகக் காப்பாற்றாது. முடிந்தால் கட்டையின் நடுவிலிருந்து பாகம் வரும்படி இரு பக்கமும் சமமாக எடுக்க வேண்டும்.

எக்ஸ்ட்ரூஷன் பட்டைப் பாரை மில்லிங்குக்கு எடுப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். அதன் முகங்கள் உண்மையில் தட்டையானவை அல்ல, நீளவாக்கில் சிறு முறுக்கும் இருக்கும். 25 மி.மீ. தடிமன் வேண்டுமானால் 25 மி.மீ. பார் வாங்கி மேற்பரப்பை அப்படியே விட்டுவிடலாம் என்ற திட்டம் அலங்காரத் துண்டுகளுக்கு மட்டும் சரிப்படும்.

வார்ப்பு டூலிங் பிளேட்

மிக்-6 என்ற பெயரில் அதிகம் அறியப்படுவது. இதே வகையில் 5083 கலவையில் வார்த்த பிளேட்டுகளும் உண்டு. உருட்டாமல், இழுக்காமல், வார்த்துத் தகைவு நீக்கி, இரு முகமும் மில்லிங் செய்து, மேலே பாதுகாப்புப் படலம் ஒட்டி வரும். தட்டைத்தன்மைக்கு இதை அடித்துக்கொள்ள உருட்டிய பிளேட்டால் முடியாது. ஒரு பக்கம் முழுக்க ஆழக் குடைந்தாலும் பெரிதாக அசையாது. ஃபிக்ஸ்சர் அடித்தட்டு, வேக்குவம் சக், சோதனை மேசை, ஆப்டிகல் கருவிகளின் தளம் இவற்றுக்கு இதுதான் முதல் தேர்வு.

ஆனால் ஈல்டு வலு 6061-டி6-இல் பாதிக்கும் கீழே, நீட்சியும் குறைவு. பாரம் தாங்கும் கட்டமைப்புப் பாகம், அதிர்ச்சி வாங்கும் பாகம், அழுத்தக் கலம் எதற்கும் கூடாது. அடிக்கடி போல்ட் கழற்றும் இடத்தில் மரையை வெறுமனே விடாமல் எஃகுக் காயில் இன்சர்ட் (துளைக்குள் செருகும் கம்பிச் சுருள் மரை) போட்டே ஆக வேண்டும்.

வெட்டும்போது

அலுமினியம் வெட்ட எளிது என்பது பாதி உண்மை. எஃகுக்குத் தேவைப்படும் வெட்டுவிசையில் பாதிக்கும் குறைவாகவே கேட்கும், அந்தவரை எளிது. ஆனால் இதில் கருவி தேய்ந்து சாவதை விட ஒட்டிச் சாவதுதான் அதிகம். வெட்டுமுனையின் சூட்டில் அலுமினியம் மென்மையாகி முனையிலேயே படிந்துகொள்ளும். படிந்தது வெட்டும், பிய்யும், மறுபடி படியும். மேற்பரப்பு கிழிந்தாற்போல் மங்கலாகும், அளவு பெரிதாகும், கடைசியில் ஃப்ளூட் (சீவல் வெளியேறும் பள்ளம்) அடைத்து எண்ட் மில் (மில்லிங் வெட்டுக்கருவி) உடையும்.

எனவே கருவித் தேர்வில் பேரம் வேண்டாம். இரண்டு அல்லது மூன்று ஃப்ளூட், 40 முதல் 45 டிகிரி ஹெலிக்ஸ், கூர்மையான, மெருகேற்றிய கார்பைடு. நான்கு ஃப்ளூட் எஃகு எண்ட் மில்லைக் கொண்டு அலுமினியத்தில் ஸ்லாட் போடுவது அடைத்துக்கொள்ள அழைப்பு விடுவதுதான். பூச்சு இல்லாமலே நன்றாக ஓடும். பூச்சு வேண்டுமானால் சிர்கோனியம் நைட்ரைடு, டைட்டானியம் டைபோரைடு, அல்லது வைரம் போன்ற கார்பன் பூச்சு. எஃகுக்கு அருமையாக உழைக்கும் டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூச்சில் அலுமினியம் ஒட்டிக்கொள்ளும், ஒதுக்கிவிடுங்கள். எஃகில் ஓடிய கருவியை இங்கே கொண்டுவருவதும் தவறு. எஃகுக்குப் பிரச்சினையாகாத நுண்ணிய மழுங்கல் இங்கே தேய்த்துச் சூடாக்கும்.

தொடக்க எண்கள் இவை. 6061-டி6-இல் 10 மி.மீ. மூன்று ஃப்ளூட் கார்பைடுக்கு நிமிடத்துக்கு 375 மீட்டர் வெட்டுவேகம், அதாவது சுமார் 12,000 சுழற்சி. பல்லுக்கு 0.08 மி.மீ. என்றால் ஃபீட் நிமிடத்துக்கு 2,880 மி.மீ. ஆழம் 10 மி.மீ., பக்க வெட்டு 4 மி.மீ. வைத்தால் நிமிடத்துக்கு 115 கன செ.மீ. உலோகம் வெளியேறும். ஸ்பிண்டில் சுமார் ஒன்றரை கிலோவாட் கேட்கும். 8,000 சுழற்சிக்கு மேல் போகாத மெஷினில் வேகம் 250 மீட்டராக இறங்கும். பரவாயில்லை, பல்லுக்கான ஃபீடை மட்டும் விடாதீர்கள். சுழற்சியைக் குறைக்காமல் ஃபீடை மட்டும் பயந்து குறைப்பவர்களின் கருவிதான் முதலில் தேய்த்துச் சூடாகி ஒட்டுகிறது. 7075-இல் இதே எண்கள் நிம்மதியாக ஓடும். 6063 போன்ற மென்மையான ரகங்களில்தான் சிக்கல்: சீவல் நீளமாக, பிசுபிசுப்பாக வரும்.

அடுத்து சீவலை வெளியேற்றுவது. ஆழமான பாக்கெட்டில் தங்கிய சீவலைக் கருவி திரும்பத் திரும்ப அரைத்தால் மேற்பரப்பு போகும், பிறகு கருவியும் போகும். கூலன்ட் பாய்ச்சலோ நல்ல காற்று வீச்சோ நேராக வெட்டுமிடத்தில் பட வேண்டும். காற்றுடன் மிகச் சிறிதளவு எண்ணெய் தெளிக்கும் முறை அலுமினியத்தில் நன்றாக எடுபடுகிறது. தண்ணீரில் கரையும் கூலன்டானால் அடர்த்தி 6 முதல் 10 சதம் வரை. காரத்தன்மை பிஎச் 9.5-ஐத் தாண்டினால் பாகம் கறுக்கும், கறை பிடிக்கும். அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கழுவும் தொட்டியில் காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் இருந்தால் பாகம் கரையவே தொடங்கும்.

வடிவமைப்பாளர்களுக்கும் இங்கே ஒரு வேண்டுகோள். 30 மி.மீ. ஆழப் பாக்கெட்டில் 3 மி.மீ. மூலை ஆரம் போட்டால் 6 மி.மீ. கருவி ஐந்து மடங்கு நீட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். கருவியின் வளைவு நீட்சியின் மும்மடியில் ஏறுவதால் மூலையில் அதிரும், கோடு விழும். 5.5 அல்லது 6.5 மி.மீ. ஆரம் கொடுத்தால் 10 அல்லது 12 மி.மீ. கருவி நிற்காமல் வளைந்து போகும். ஆரம் கருவியின் பாதி விட்டத்தை விடச் சற்றுப் பெரிதாக இருப்பதே நல்லது. சரியாகச் சமமாக இருந்தால் மூலையில் கருவி தயங்கி நின்று சத்தம் போடும்.

காந்த சக் பிடிக்காது, வேக்குவமோ கிளாம்போதான். சாதாரண கிரைண்டிங் சக்கரம் அலுமினியத்தால் அடைத்துப் போகும், எனவே கிரைண்டிங் கேட்கும் வரைபடத்தைத் திருப்பி அனுப்பி ஃப்ளை கட்டர் ஃபினிஷ் போதுமா என்று கேளுங்கள். நல்ல மில்லிங்கிலேயே ஆர்ஏ (மேற்பரப்புச் சொரசொரப்பின் அளவு) 0.8 மைக்ரான் வந்துவிடும், வைர முனையில் கண்ணாடிப் பளபளப்பே வரும். பிசிறு கட்டாயம் இருக்கும். எல்லா விளிம்பும் 0.2 மி.மீ. முறிக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதிவிட்டால் கருவிப்பாதையிலேயே முடிந்துவிடும்.

மரை

அலுமினியத்தில் உருட்டு டேப், அதாவது சீவல் எடுக்காமல் உலோகத்தைத் தள்ளி மரை உருவாக்குவது, தயக்கமில்லாமல் பரிந்துரைக்கத்தக்கது. ஆழக்குருட்டுத் துளையில் சீவல் அடைக்கும் பேச்சே இல்லை, மரையும் வெட்டு மரையை விட வலுவாக இருக்கும். துளை அளவு மட்டும் வேறு: எம்6-க்கு வெட்டு டேப்புக்கு 5.0 மி.மீ., உருட்டு டேப்புக்கு 5.5 முதல் 5.55 மி.மீ. பழக்கத்தில் 5.0 போட்டு உருட்டு டேப்பை விட்டால் அது உள்ளேயே முறியும். முறுக்குவிசை கூடுதலாகக் கேட்கும், எண்ணெயும் கூடுதலாக வேண்டும். சிலிக்கன் அதிகமுள்ள நொறுங்கும் வார்ப்புகளுக்கு உருட்டு டேப் ஒத்துவராது.

மரை ஈடுபடும் ஆழம் போல்ட் விட்டத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பில் அடிக்கடி கழற்றப்படும் இடமென்றால் தொடக்கத்திலேயே ஸ்டெயின்லெஸ் காயில் இன்சர்ட் போடுவது புத்திசாலித்தனம். மரை உரிந்த பிறகு போட இடமிருக்கிறதா என்று தேடும் நிலை வராது. உப்புக்காற்றிலும் ஈரத்திலும் ஸ்டெயின்லெஸ் திருகும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். இடையில் பசையோ சீலன்டோ வேண்டும்.

சூடு செய்யும் கணக்கு

அலுமினியம் டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 23.6 மைக்ரான் விரிகிறது, எஃகைப் போல் இரட்டிப்பு. அளவுகளின் குறிப்பு வெப்பநிலை 20 டிகிரி. மெஷினிலிருந்து 35 டிகிரியில் இறங்கிய 200 மி.மீ. பாகத்தை உடனே அளந்தால் 0.07 மி.மீ. பெரிதாகக் காட்டும். அதை நம்பி ஆஃப்செட் திருத்தினால் ஆறிய பின் பாகம் சிறுத்துவிடும். ±0.02 மி.மீ. கேட்கும் நீளங்களில் பாகத்தை ஆறவிட்டே அளக்க வேண்டும்.

பேரிங் இருக்கைகளில் இது இன்னும் மோசம். 40 மி.மீ. எஃகு பேரிங்கை அலுமினிய ஹவுசிங்கில் அழுத்திப் பொருத்துகிறோம். 60 டிகிரி சூடேறினால் துளை பேரிங்கை விடச் சுமார் 0.029 மி.மீ. கூடுதலாக விரியும். அறை வெப்பத்தில் 0.02 மி.மீ. இறுக்கம் இருந்தாலும் ஓடும்போது வெளிவளையம் சுழலத் தொடங்கும். இறுக்கத்தை வேலை வெப்பநிலையில் கணக்கிட வேண்டும், அல்லது எஃகு ஸ்லீவ் போட வேண்டும்.

150 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இயங்கும் இடத்தில் 6061-உம் வேண்டாம், 7075-உம் வேண்டாம். ஏஜிங் தொடர்ந்து நடந்து வலு இறங்கிக்கொண்டே போகும், திரும்ப வராது. மீண்டும் மீண்டும் பாரம் ஏறி இறங்கும் பாகங்களில், எஃகுக்கு இருப்பது போலக் களைப்புக்குத் தெளிவான கீழ் எல்லை அலுமினியத்தில் கிடையாது. 6061-டி6 ஐம்பது கோடி சுழற்சிக்குச் சுமார் 97 மெகாபாஸ்கல், 7075-டி6 சுமார் 159. உராய்ந்து சறுக்கும் இடங்களில் வெறும் அலுமினியம் ஒட்டிப் பிய்யும். எஃகு புஷ் அல்லது கடின அனோடைசிங் (மின்வேதி முறையில் வளர்க்கும் தடித்த ஆக்சைடு பூச்சு) இல்லாமல் விடாதீர்கள்.

அனோடைசிங்கில் தான் பாகம் ரிஜெக்ட் ஆகிறது

மெஷினில் சரியாக இருந்த பாகம் பூச்சுக்குப் போய்வந்ததும் பொருந்தாமல் போவதற்குக் காரணம், பூச்சு வெளியே வளர்வதோடு உள்ளேயும் இறங்குகிறது என்ற கணக்கை வரைபடத்தில் வைக்காதது. கடின அனோடைசிங்கில் பாதி வெளியே, பாதி உள்ளே. 50 மைக்ரான் பூச்சென்றால் ஒவ்வொரு முகமும் 25 மைக்ரான் உயரும், துளையின் விட்டம் 50 மைக்ரான் குறையும். 10 மி.மீ. எச்7 (துளைக்கான டாலரன்ஸ் வகுப்பு) துளைக்கு மொத்த டாலரன்ஸே 15 மைக்ரான்தான். எனவே முன்கூட்டியே 10.050 முதல் 10.065 வரை துளைத்துக் கணக்குப் போட்டாலும், பூச்சுத் தடிமனின் சின்ன ஏற்ற இறக்கமே அந்த இடைவெளியைத் தின்றுவிடும். இத்தகைய துளைகளை மாஸ்க் செய்யச் (பூச்சு படாமல் மூடச்) சொல்லுங்கள், அல்லது பூச்சுக்குப் பிறகு ஹோன் செய்யுங்கள் (நுண்கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவாருங்கள்). 60 டிகிரி மரையில் நிலைமை நான்கு மடங்கு: முகத்துக்கு 25 மைக்ரான் வளர்ந்தால் மரையின் பிட்ச் விட்டம் 100 மைக்ரான் மாறும். கடின அனோடைசிங் என்றால் மரைகளுக்கு மாஸ்க் என்று எழுதியே தீர வேண்டும். சாதாரண அலங்கார அனோடைசிங்கில், 10 மைக்ரான் அளவில், பெரும்பாலான மரைகள் தப்பிவிடும்.

பூச்சு முகத்துக்குச் செங்குத்தாக வளர்வதால் கூர்மையான விளிம்பில் இரு பக்கப் பூச்சும் சேராமல் வெடிப்பு நிற்கும். தடித்த பூச்சுக்கு விளிம்பு ஆரம் 0.5 மி.மீ.யாவது வேண்டும். குருட்டுத் துளைகளில் அமிலம் தங்கி, பின்னர் கசிந்து வெள்ளைக் கறை விடும். பாகத்தைத் தொங்கவிடும் தொடர்புப் புள்ளியில் பூச்சு இருக்காது. அது எங்கே இருக்கலாம் என்று நீங்கள் சொல்லாவிட்டால் முகப்பிலேயே வைத்துத் தருவார்கள்.

நிறம் ரகத்தைப் பொறுத்தது. 6061 நன்றாகவும் சீராகவும் வரும். 7075 நிறமில்லாப் பூச்சில் லேசான மஞ்சள் சாயல் காட்டும். செம்பு அதிகமுள்ள 2024, 2011 இரண்டிலும் அழகான பூச்சை எதிர்பார்க்க வேண்டாம். சிலிக்கன் மிகுந்த வார்ப்புகள் சாம்பலாகும். ஒரே கருவியின் மூடியும் உடலும் வெவ்வேறு ரகத்தில் இருந்தால், ஒரே தொட்டியில் ஒரே கறுப்புச் சாயம் ஏற்றினாலும் பக்கத்தில் வைத்ததும் வேறுபாடு தெரியும். இன்னொன்று, அனோடைசிங் மின்சாரத்தைத் தடுக்கும். எர்த் இணைப்பு வேண்டிய இடத்தை மாஸ்க் செய்து குரோமேட் வகைக் கடத்தும் பூச்சு கொடுக்க வேண்டும்.

மற்ற ரகங்கள்

2024-டி351: களைப்பு எதிர்ப்பு நல்லது, வெட்டவும் சுகம், துருவில் மோசம். விமானக் கட்டமைப்புக்கு வெளியே இதைத் தேட வேண்டிய தேவை அரிது. 2011: ஈயமும் பிஸ்மத்தும் சேர்த்த லேத் ரகம். சீவல் பொடிப்பொடியாக உடைவதால் ஆளில்லாமல் ஓடும் ஆட்டோ லேத்துக்குத் தங்கம். ஆனால் வெல்டிங் ஆகாது, ஈயத்துக்குக் கட்டுப்பாடு உள்ள பொருளென்றால் சான்றிதழில் ஈய அளவைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. 5083: கடல்நீரும் வெல்டிங்கும் இருந்தால் இதுதான். வெப்பத்தால் வலுவேற்றும் ரகம் அல்ல என்பதால் வெல்டிங்குக்குப் பின் 6061 அளவுக்கு வலு இழக்காது. ஆனால் 65 டிகிரிக்கு மேல் நீண்டகாலம் வைத்தால் அரிப்புக்கு ஆளாகும். 6063: ஜன்னல் சட்டத்துக்கும் ஹீட் சிங்குக்கும் நல்ல எக்ஸ்ட்ரூஷன், கட்டையைக் குடைய வேண்டாம்.

சரக்கு வந்ததும்

ஆர்டரில் ரகம், முழு டெம்பர், பிளேட்டா எக்ஸ்ட்ரூஷனா, உருட்டு திசை, இஎன் 10204 வகை 3.1 சோதனைச் சான்றிதழ் ஆகியவற்றை எழுதுங்கள். சான்றிதழில் உள்ள ஹீட் எண்ணும் (உருக்கிய தொகுதியின் எண்) பிளேட்டில் அச்சிட்ட எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகே ரம்பத்துக்கு அனுப்புங்கள். அறுத்துவிட்டால் அச்சு போய்விடும்.

அடையாளம் போன துண்டுகளைப் பிரிக்கத் தராசு உதவும். 100×100×25 மி.மீ. துண்டு 6061 என்றால் 675 கிராம், 7075 என்றால் சுமார் 702 கிராம். அறுத்த அளவை வெர்னியரில் பார்த்துக் கன அளவைச் சரியாகக் கணக்கிட வேண்டும், தடிமனில் 1 மி.மீ. பிசகினாலே இந்த வித்தியாசம் முழுவதும் மறைந்துவிடும். காஸ்டிக் சோடாக் கரைசல் ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடம் கழித்துத் துடைத்தால், செம்புள்ள 2024, 7075 கறுத்திருக்கும், 6061 வெளிறிய நிறத்திலேயே இருக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. 6061-ஐயும் 6063-ஐயும் பிரிக்க இந்த இரண்டும் உதவாது, கடினத்தன்மை சோதனைதான் வழி: டி6 நிலையில் பிரினெல் 95-க்கும் 73-க்கும் உள்ள இடைவெளி தெளிவாகத் தெரியும். டெம்பர் ஏறாமல் டி4-ஆக வந்த 6061-உம் இதே சோதனையில் மாட்டும். டி6-ஐயும் டி651-ஐயும் மட்டும் எந்தக் கடினத்தன்மை சோதனையும் பிரிக்காது. அதற்குச் சான்றிதழே கதி, அதுவும் இல்லையென்றால் அந்தத் துண்டை ஸ்பேசருக்கும் கைப்பிடிக்கும் ஒதுக்கிவையுங்கள்.

சீவலை ரகம் பிரித்துச் சேர்த்தால் பழைய உலோகத்துக்கு நல்ல விலை கிடைக்கும். 6061 சீவலில் 7075-ஓ 2011-ஓ கலந்தால் அது கலப்புச் சரக்கு விலைக்கு இறங்கும். தடித்த சீவல் எளிதில் பற்றாது. மணல்தாள் தூசும் மெருகுத் தூசும் அப்படியல்ல, காற்றில் பறந்தால் வெடிக்கும். எஃகு தேய்க்கும் கிரைண்டரின் தூசு உறிஞ்சியோடு இதை இணைக்கவே கூடாது, தீப்பொறி உள்ளே போகும். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹைட்ரஜன் கிளம்பி நிலைமை மோசமாகும். உலோகத் தீக்கான டி வகைத் தூளோ காய்ந்த மணலோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.